பன்னிரண்டு பின்கொசுவம்

ஜனவரி மாதம் டிவியில் அணிவகுப்பு காட்டுவார்கள் அல்லவா, அதை நான் உட்கார்ந்து பார்ப்பதில்லை. அந்த நேரத்துக்கென்று அடுப்படியில் ஏதாவது வேலை வைத்துக்கொள்வேன். பீரங்கியும் ஒட்டகமும் போகட்டும், அவற்றோடு எனக்கு ஒரு தகராறும் இல்லை. நடுவில் கட்டம் போட்ட பாவாடை கட்டிய ஆண்கள், அக்குளில் ஒரு தோல்பையை இடுக்கிக்கொண்டு ஊதியபடி வருவார்கள். எதிரே வரும்போது பாவாடை தட்டையாக இருக்கும். கேமரா அவர்கள் முதுகுப் பக்கம் போனதும் மடிப்பு மடிப்பாக ஆடும். அதைப் பார்த்துவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. வீட்டில் யாருக்கும் காரணம் தெரியாது. அவர்கள் கேட்டதுமில்லை, நான் சொன்னதுமில்லை. நீங்கள் என் வயதுக்காரர்கள். உங்களுக்கும் இப்படி ஒன்றிரண்டு இருக்கும். அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் அப்போதுதான் கம்பெனிகள் வரத் தொடங்கியிருந்தன. நைனா நாற்று பறித்த கழனியில் ஒரு நாள் கல் நட்டார்கள், மறுநாள் கம்பி கட்டினார்கள். அதே கழனியில் அஸ்திவாரம் தோண்டும் வேலைக்கு நைனாவே போனார். நாங்கள் மிஷன் காம்பவுண்டில் வரிசையாகக் கட்டியிருந்த ஓட்டு வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அம்மா மிஷன் பள்ளியில் தையல் டீச்சர். டீச்சர் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஜூனில் கூப்பிடுவார்கள், ஏப்ரலில் போய்வா என்பார்கள். ஆறு வருஷமாக அப்படித்தான். வேலையை நிரந்தரம் பண்ணுகிறோம் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அந்த ஒரு வார்த்தையை ஜெபத்தில் சேர்த்துச் சொல்வோம். ஆண்டவருக்கே அது சலித்துப் போயிருக்கும்.

நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷம், பொங்கல் முடிந்த கையோடு கரஸ்பாண்டென்ட் ஐயா அம்மாவைக் கூப்பிட்டனுப்பினார். பள்ளியை நடத்துகிறவர் அவர்தான். எங்கள் ஜனத்திலேயே முதலில் பி.ஏ. படித்தவர். வெள்ளை பேண்ட், வெள்ளைச் சட்டை, வெயிலிலும் கழற்றாத ஷூ. புதுக் கம்பெனி ஒன்றுக்கு அடிக்கல் போட ஸ்காட்லாந்துக்காரத் துரை ஒருவர் வரப்போகிறார், நம் பள்ளி பைப்பு பேண்டு அங்கே வாசிக்கப்போகிறது என்றார். அந்த பேண்டில் பன்னிரண்டு பையன்கள். அதுவரை வெள்ளை டவுசரோடு ஊதிக்கொண்டிருந்தவர்கள். துரையின் ஊரில் இந்த வாத்தியத்தைக் கில்ட்டு என்ற பாவாடை கட்டிக்கொண்டுதான் வாசிப்பார்களாம். பன்னிரண்டு கில்ட்டு தைக்க வேண்டும். நன்றாக வந்தால் ஜூனில் நிரந்தரம், இது என் வாக்கு என்றார்.

மாதிரிக்கு ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் இங்கே இருந்து போன வெள்ளைக்காரப் பாதிரியின் கில்ட்டு, கோயில் அறையில் ஒரு டிரங்குப் பெட்டியில் கிடந்தது. இந்த ஊர் வெயிலுக்கு அவர் அதைக் கட்டி யாரும் பார்த்ததில்லை. அம்மா அதை இரண்டு கையாலும் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். கனத்த கம்பளி. ரசகற்பூர உருண்டை வாசனை. அதற்குக் கீழே இன்னொரு வாசனை, மழையில் நனைந்த ஆட்டின் வாசனை. பூச்சி அரித்துச் சல்லடையாக இருந்தது. பாதிரிக்கு அப்படி ஒரு இடுப்பு. எங்கள் நைனாவை அதில் இரண்டு சுற்று சுற்றலாம்.

அம்மா அதைக் கட்டிலில் விரித்துப் போட்டு ஒரு நாள் முழுக்கச் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. கஞ்சி கூடக் காய்ச்சவில்லை. மறுநாள் பிளேடை எடுத்துத் தையலைப் பிரிக்கத் தொடங்கினாள். பாவாடை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், ஆனால் அது பாவாடை இல்லை. உருளையாக மூட்டாமல், கைலி மாதிரி சுற்றிக் கட்டுகிற ஒரே நீளத் துணி. இரண்டு முனையிலும் மடிப்பில்லாத இரண்டு மடல். ஒன்றின் மேல் ஒன்று வந்து விழும். நடுவில் உள்ளதெல்லாம் மடிப்பு. எல்லா மடிப்பும் ஒரே பக்கம் பார்த்துச் சாய்ந்திருந்தன. இடுப்பிலிருந்து சூத்தாம்பட்டை வரைக்கும் கையால் தைத்து இறுக்கி, அதற்குக் கீழே தொங்க விட்டிருந்தார்கள். அடியில் மடித்துத் தைக்கவே இல்லை. துணியின் கரையே அடி விளிம்பு. அம்மாவுக்கு அதுதான் முதலில் பிடித்துப்போனது. கரையை வெட்டாதவன் துணி தெரிஞ்சவன் என்றாள்.

கம்பளிக்கு எங்கே போவது? பொன்னேரிப் பக்கத்து ஆரணிக்கு, பட்டு நெய்கிற ஆரணி இல்லை, கைலி நெய்கிற நம் ஆரணிக்கு, அம்மாவும் நானும் பஸ்ஸில் போனோம். பாதிரித் துணியின் கட்டத்தைக் காட்டி, பச்சை, நீலம், நடுவில் சிவப்பு, ஒற்றை வெள்ளைக்கோடு என்று நூலில் நெய்யச் சொன்னோம். நெசவுக்காரர் அந்தக் கம்பளியைத் தடவிப் பார்த்துவிட்டு, நம்ம கைலியைத்தான் இவனுங்க ஆட்டு ரோமத்துல நெய்றானுங்க என்றார். கைலி அகலத்தை நீளவாட்டில் இரண்டாகக் கிழித்து ஒட்டினால் ஒரு பையனுக்கு ஆறு கஜம் வரும். ஒட்டு எங்கே என்று தெரியாதபடி ஒரு மடிப்புக்குள் போய்விடும். ஆறு கஜம் என்றால் ஒரு புடவை. பையன்கள் ஆளுக்கொரு புடவை கட்டப் போறானுங்க என்று நைனா ஒரு வாரம் சிரித்தார். எங்கள் வீட்டில் அவர் சிரித்த வாரங்கள் குறைவு, அதனால் நினைவிருக்கிறது.

முதல் கில்ட்டை அம்மா தன் புத்திப்படி மடித்தாள். கட்டம் கலையக்கூடாது. ஒவ்வொரு மடிப்பிலும் கட்டத்தின் அடுத்த துண்டு வந்து நிற்க வேண்டும், மடித்ததற்கு அப்புறமும் மடிக்காத துணி மாதிரி கட்டம் ஓட வேண்டும். சாக்பீஸும் குண்டூசியுமாக ஐந்து நாள் பிடித்தது. தள்ளி நின்று பார்த்தால் மடிப்பே இல்லை, விரித்துப் போட்ட கைலிதான். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஐயாவிடம் கொண்டுபோய்க் காட்டினால், மடிப்பு எங்கே, மடிப்பே தெரியவில்லையே, இதற்கா இத்தனை துணி என்று கேட்டார்.

திரும்பி வந்து பாதிரியின் கில்ட்டை மறுபடி விரித்தாள். பிரித்த பிறகும் கலையாத மடிப்புத் தடங்களில் வேறு கணக்கு இருந்தது. ஒரு முழுக் கட்டம் எவ்வளவோ அவ்வளவையே ஒவ்வொரு மடிப்புக்கும் எடுத்திருந்தார்கள். அதனால் எல்லா மடிப்பின் முகத்திலும் அதே வெள்ளைக்கோடு. கட்டம் முழுக்க உள்ளே ஒளிந்துவிட்டது. வெளியே வரிசையாக வெள்ளைக்கோடுகள் மட்டும். அம்மா அப்படியே மடித்து, என்னைக் கட்டச் சொல்லி நடக்கச் சொன்னாள். நின்றால் பச்சையும் வெள்ளையும். காலெடுத்து வைத்தால் மடிப்பு பிரிந்து உள்ளேயிருந்து சிவப்பு தெரிகிறது, நின்றதும் மறைகிறது. நட, நில், நட, நில் என்று என்னைப் பாடாய்ப் படுத்தினாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

மாசி போய் பங்குனி வந்தது. வீடு முழுக்க புதுத்துணியின் கஞ்சி வாசனை. கரி இஸ்திரிப் பெட்டியின் புகையில் கண் எரியும். ஈரத்துணியைப் போட்டு ஒவ்வொரு மடிப்பாக அழுத்துவாள். சுர்ரென்று ஆவி வரும். மடிப்பு கலையாமல் இருக்க மேலிருந்து கீழ்வரை வெள்ளை நூலால் பெரிய பெரிய தையலாக ஓட்டி வைத்திருப்பாள். என் வேலை ஒன்றே ஒன்று. பையன்கள் முன்னும் பின்னும் மாற்றிக் கட்டிவிடக் கூடாது என்று, இடுப்புப் பட்டியின் உள்பக்கம், மடிப்புக்கு நேராக, சிவப்பு நூலில் ‘பின்’ என்று எழுத்துத் தைக்க வேண்டும். பன்னிரண்டிலும் நான்தான் தைத்தேன். முதல் நாலில் எழுத்து கோணல், அப்புறம் பழகிவிட்டது.

பின்பக்கம் என்று அம்மாவுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பாதிரித் துணியே சொன்னது. மடிப்பின் மேல்தான் துணி பளபளவென்று தேய்ந்திருந்தது, உட்கார்ந்து உட்கார்ந்து. மடலில் வயிற்றுக்கு நேரே ஏதோ சங்கிலி உரசிய தடம் இருந்தது. அப்படியானால் மடிப்பு முதுகுப்பக்கம்தானே? அவ்வளவுதான் அவள் கணக்கு. துணி பொய் சொல்லாது என்பாள்.

எல்லாம் முடிந்து ஐயா பார்க்க வந்தார். அம்மா ஒரு பையனுக்குக் கட்டி, வராண்டாவில் நடக்கவிட்டுக் காட்டினாள். அவன் முதுகைக் காட்டி நடந்தபோது சிவப்பு தெரிந்து மறைந்தது. ஐயா பிரமாதம் என்றார். உடனே முகம் மாறியது. இத்தனை வேலைப்பாட்டையும் பின்னால் வைத்தால் யார் பார்ப்பார்கள், மேடையில் துரை எதிரே இருப்பார், முன்னால் திருப்பிக் கட்டு என்றார். அம்மா தேய்ந்த இடத்தைக் காட்டிச் சொன்னாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். புரியட்டும் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னாள்: நம்ம பொம்பளைங்க கழனியில கட்றாங்களே, அந்தப் பின்கொசுவம் மாதிரிதான்யா.

உங்களுக்கு நினைவிருக்கும். நாற்று நடுகிற பெண்கள் கொசுவத்தைப் பின்னால்தான் வைப்பார்கள், குனிந்து வேலை செய்யத் தோதாக. மிஷனுக்கு வந்ததும் எங்கள் பெண்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்தது அதை முன்னால் கொண்டுவரத்தான். முன்கொசுவம் வைத்தவள் படித்தவள், பின்கொசுவக்காரி கழனிக்காரி. திருவள்ளூர்க் கோயில் வீட்டு மாமிகளைப் போல மடிசார் கட்டினாலும் யாரும் எங்களை மதிக்கப்போவதில்லை. எங்களுக்கென்று இருந்த ஒரே ஏணி அந்த முன்கொசுவம்தான்.

ஐயாவின் குரல் உயரவில்லை. ஆனால் ஷூ போட்ட கால் தரையைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

“பின்கொசுவத்துல இருந்து முன்கொசுவத்துக்கு வர நமக்கு மூணு தலைமுறை ஆச்சு. இப்ப தொரை முன்னால நம்ம பசங்கள பின்கொசுவம் கட்டிக்கினு நிக்கச் சொல்றியா? உன் வேலை தைக்கறது. தைச்சிட்ட. மீதிய நான் பாத்துக்கறேன்.”

அம்மா சரிங்கய்யா என்றாள். பேண்டு மாஸ்டரும் பக்கத்தில் இருந்தார். கல்யாண பேண்டு செட்டிலிருந்து வந்தவர். எப்படிக் கட்டினாலும் ஊதுவது ஒன்றுதானே என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும், ‘பின்’ என்று தைத்ததைப் பிரித்துவிடவா என்று அம்மாவைக் கேட்டேன். இருக்கட்டும் என்றாள். என்ன நினைத்து அப்படிச் சொன்னாள் என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை.

விழா நாள் காலை. பொட்டல் நடுவில் பந்தல். வெள்ளையடித்த அடிக்கல், வாடகை நாற்காலிகள், ரோஜாத்தண்ணீர் தெளித்த மண். துரைக்குப் பூச்செண்டு கொடுக்க என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வெட்டி மிஞ்சிய துண்டுகளை ஒட்டுப்போட்டு அம்மா எனக்கொரு கவுன் தைத்திருந்தாள், அதே பச்சை, அதே வெள்ளைக்கோடு. மிஞ்சிய துணியைக் கேட்டுவிட்டா எடுத்தாள் என்பது எனக்குத் தெரியாது. ஐயா என் கவுனைப் பார்க்கும் போதெல்லாம் பூச்செண்டை இறக்கி மறைத்துக்கொண்டேன்.

பையன்கள் வந்தார்கள். மடிப்பு முன்னால், மடல் பின்னால். மடல் என்பது சும்மா ஒன்றின் மேல் ஒன்று விழுகிற துணிதானே, முதுகுப்பக்கம் போனதும் பங்குனிக் காற்று அதைத் தூக்கிவிட்டது. பன்னிரண்டு பையன்களும் உள்ளே போட்டிருந்த பள்ளிக்கூடக் காக்கி டவுசர் ஊருக்கே தெரிந்தது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பையன்கள் ஒரு கையால் பின்பக்கத்தைப் பிடித்துக்கொள்ள, பைப்பு நாய் ஊளையிட்ட மாதிரி இறங்கியது. துரை கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். கெட்டவர் இல்லை. வாசித்து முடித்ததும் எழுந்து வந்து, ஐயாவின் தோளில் கை வைத்து இங்கிலீஷில் மெதுவாக ஏதோ சொன்னார். சொல்லும்போது விரலைக் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். அது எனக்கே புரிந்தது.

ஐயாவின் முகத்தை இன்றைக்கும் என்னால் பார்க்க முடிகிறது. வேர்த்து, வெளுத்து, உதடு மட்டும் சிரித்தது. அவர் திரும்பி, தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்ற அம்மாவைக் கைகாட்டிக் கூப்பிட்டார். தமிழில் கேட்டார், எல்லோருக்கும் கேட்கும்படி.

“இன்னாம்மா, முன்னாடி பின்னாடி தெரியாம தைச்சிட்டியா?”

அம்மா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். துரைக்குப் பக்கத்தில், பூச்செண்டு கொடுத்த கையோடு, நான் அங்கேதான் நின்றிருந்தேன். இரண்டடி தள்ளி ஒரு பையன். அவன் இடுப்புப் பட்டியைக் கொஞ்சம் வெளியே மடித்தால் போதும், வயிற்றின் மேலேயே என் சிவப்பு நூல் ‘பின்’ என்று இருந்தது. ஐயா கூட்டத்தைச் சிரிக்க வைக்க நினைத்தாரோ என்னவோ, என் பக்கம் குனிந்தார்.

“உனக்காவது தெரியுமா பாப்பா, உங்கம்மா எதை முன்னாடின்னு சொன்னாங்க?”

நான் தலையை ஆட்டினேன். தெரியாது என்று. கவுனைப் பற்றிக் கேட்டுவிடுவார் என்ற பயம்தான் காரணம் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது காரணமா, நானாகத் தேடிக்கொண்ட சாக்கா, எனக்கு இன்னும் தெரியவில்லை. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பில் அம்மா பக்கம் போய் நிற்க எனக்குப் பிடிக்கவில்லை. அதுவும் இருந்தது.

பையன்கள் லாரிக்குப் பின்னால் போய்த் திருப்பிக் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஐந்து நிமிஷ வேலை. மறுபடி ஊதிக்கொண்டு துரையைத் தாண்டி நடந்தபோது, பன்னிரண்டு முதுகிலும் வெள்ளைக்கோடுகள் ஒரே நேரத்தில் பிரிந்து சிவப்பு தெரிந்தது, மூடியது, தெரிந்தது. துரை எழுந்து நின்று கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். அதற்குள் ஐயா, அம்மாவை வீட்டுக்குப் போகச் சொல்லியிருந்தார்.

ஜூனில் கூப்பிடவில்லை. வேறொரு அம்மாவைப் போட்டார்கள், எடுத்த எடுப்பிலேயே நிரந்தரமாக. காம்பவுண்டு வீட்டையும் காலி பண்ணச் சொன்னார்கள். அம்மா அதே பொட்டலில் எழும்பிய கம்பெனிகளில் ஒன்றில், ஆட்கள் போட்டுக்கொள்ளும் கெட்டித்துணிக் கையுறை தைக்கும் ஷெட்டில் சேர்ந்தாள். இருபத்தி இரண்டு வருஷம். கட்டைவிரல் வளைந்து அப்படியே நின்றுவிட்டது. மடிப்பு வைத்த எதையும் அவள் அப்புறம் தைக்கவில்லை. எனக்குப் பள்ளிப் பாவாடை கூடக் கடையில்தான் கொடுத்துத் தைத்தோம். அந்தப் பன்னிரண்டு கில்ட்டும் என்ன ஆயின என்று தெரியாது. இரண்டு வருஷத்தில் பேண்டே கலைந்துபோனது. பள்ளியில் பெஞ்சு துடைக்கிற துணியாக ஒரு பச்சைத் துண்டைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். பாதிரியின் கில்ட்டைப் பிரித்த நிலையிலேயே மூட்டை கட்டித் திருப்பிக் கொடுத்தோம். எனக்கு அந்தக் கவுன் சீக்கிரமே சின்னதாகிவிட்டது.

ஐயாவை ரொம்ப வருஷம் வெறுத்தேன். பிறகு அதுவும் அலுத்துப்போனது. அவர் இறந்தபோது துக்கத்துக்குப் போனேன். கூடத்தில் அவரைப் பெற்றவளின் பழைய போட்டோ மாட்டியிருந்தது. பாதிதான் இருந்தது, இடுப்புக்குக் கீழே வெட்டிச் சட்டம் போட்டிருந்தார்கள். நின்று பார்த்தேன். பின்கொசுவக்காரிகளுக்கு முந்தானை இடுப்பைச் சுற்றி வரும் விதம் எனக்குத் தெரியாதா? பாவம், அந்தப் பந்தலில் எங்களைவிட அதிகம் பயந்தவர் அவர்தான். தெரிந்து என்ன, அம்மாவின் கட்டைவிரலா நிமிரப்போகிறது?

அம்மா பயத்தில் வாயடைத்து நின்றாள் என்றுதான் நான் நாற்பது வருஷம் நினைத்திருந்தேன். கடைசிக் காலத்தில் அவளுக்கு நான்தான் சேலை கட்டிவிடுவேன். ஒரு நாள் காலை, குளிப்பாட்டி நிற்க வைத்து, கொசுவத்தை விரலில் மடித்துக்கொண்டிருந்தபோது என்னை அறியாமல் கேட்டுவிட்டேன். பட்டியை மடித்து ஒரு தடவை காட்டியிருந்தால் போதுமே, உன் வாயால் ஒன்றும் சொல்லக்கூட வேண்டாமே, ஏன் காட்டவில்லை என்று.

எந்தப் பட்டி என்று அவள் கேட்கவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றவள், ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்.

“நான் காட்டினா எதுத்துப் பேசினதா ஆவும். கொழந்த சொன்னா சிரிச்சிக்கினு உட்டுடுவாங்க. நீ தைச்ச எழுத்துதான? நீ சொல்லுவேன்னு பாத்துக்கினு இருந்தேன்.”

கோபமில்லை அந்தக் குரலில். இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். என் கையில் கொசுவம் அப்படியே நின்றது. குளிர்கிறது, சீக்கிரம் செருகு என்றாள். முன்னால் செருகினேன்.